கண்ணாடியில் ஒரு தூக்குக்குண்டு

அப்பா முப்பத்தைந்து வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், அதில் கடைசிப் பதினைந்து வருடம் மேஸ்திரி. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் முதலில் மூலையைப் பார்ப்பார், மட்டம் சரியாக இருக்கிறதா என்று. அப்புறம் மேலே பார்ப்பார், பாரம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று. அழகு, அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். போன ஜூன் மாதம் என்னைப் பார்க்க பாரிஸ் வந்து ஆறு வாரம் இருந்தார். ஈஃபிள் கோபுரத்தைக் காட்டினேன், "நல்லா முடுக்கியிருக்கான்" என்றார், அவ்வளவுதான். இவரை ஷார்த்ர் ஊரின் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் ஊருக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கடைசிப் பகுதி முழுக்கக் கோதுமை வயல். போஸ் என்று அந்தச் சமவெளிக்குப் பெயர், பிரான்சின் நெற்களஞ்சியம் என்றுதான் சொல்லவேண்டும், நெல் இல்லை என்பதைத் தவிர. அந்த வயலுக்கு மேலே ஊர் எதுவும் தெரிவதற்கு முன்னால் இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரியும். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டு, வேலைப்பாடே இல்லாத வெறும் கல்லில் சுமார் 105 மீட்டர் உயரம். வடக்கே இருந்த கூம்பு மரத்தாலானது, 1506இல் இடி விழுந்து போய்விட்டது. அதன் இடத்தில் ஜெஹான் த போஸ் என்ற கட்டடக் கலைஞர் 1507இலிருந்து 1513க்குள் சரிகை நெய்தது போலக் கல்லில் இழைத்து இன்னும் உயரமாக ஒன்றைக் கட்டினார், சுமார் 113 மீட்டர். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தவர், "ரெண்டும் வேற வேற மேஸ்திரிம்மா" என்றார். நான் அதுவரை ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கோயில் கட்டப்பட்ட கதையை ரயிலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். 876இல் சார்லஸ் மன்னர் (மொட்டைத் தலை சார்லஸ் என்று வரலாற்றில் பெயர்) மாதாவின் ஆடை என்று நம்பப்படும் ஒரு பட்டுத் துணியை இந்தக் கோயிலுக்குக் கொடுத்தார். அதைப் பார்க்க ஐரோப்பா முழுக்க இருந்து ஜனங்கள் வந்தார்கள். 1194 ஜூன் 10ஆம் தேதி ராத்திரி ஊரோடு சேர்த்துக் கோயிலும் எரிந்தது. துணியும் போய்விட்டது என்று ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, மூன்றாவது நாள் நிலவறைக்குள்ளிருந்து அது பத்திரமாக வெளியே வந்தது, உள்ளே எடுத்துக்கொண்டு ஒளிந்திருந்தவர்களும் உயிரோடு வந்தார்கள். மாதாவே பெரிய கோயில் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் வேலை நடந்த வேகம்தான் ஆச்சரியம். சுமார் முப்பது வருடத்துக்குள் கட்டடத்தின் பெரும்பகுதி, மேல் வளைவு வரைக்கும், முடிந்துவிட்டது. மற்ற ஊர்களில் நூறு, இருநூறு வருடம் இழுத்த வேலை. ஒரே தலைமுறையின் கையில் முடிந்ததால்தான் உள்ளே நின்றால் எல்லாம் ஒரே மூச்சில் சொன்ன மாதிரி இருக்கிறது. 1260இல் ஒன்பதாம் லூயி மன்னர் முன்னிலையில் அபிஷேகம் செய்தார்கள். 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தீயில் தப்பித்தது மேற்கு முகப்பு. அரச வாசல் என்று அழைக்கப்படும் மூன்று கதவுகள், 1145க்கும் 1155க்கும் நடுவில் செதுக்கியவை. தூணோடு தூணாக நீண்டு மெலிந்து நிற்கும் ராஜாக்களும் ராணிகளும்தான் எல்லாப் புத்தகத்திலும் இருப்பார்கள், அவர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, போய் முகத்தைப் பாருங்கள். நான் சொல்ல வருவது வலது பக்கக் கதவுக்கு மேலே வளைவில் இருக்கும் ஒரு சின்னச் சிற்பம். அந்தக் காலத்தில் ஷார்த்ர் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்போன ஊர், அதனால் அப்போதைய பாடங்களான ஏழு கலைகளையும் பெண் உருவங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் இலக்கணம் ஒரு டீச்சர். கையில் பிரம்பு. காலடியில் இரண்டு பையன்கள், ஒருவன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், இன்னொருவன் அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான். 870 வருடமாக இழுத்துக்கொண்டே இருக்கிறான்.

உள்ளே போனதும் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். வெளியே வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அந்தக் கண்ணாடிகள் கறுப்பாகத்தான் தெரியும். சுற்றுலாப் பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு சுற்று சுற்றி, போனைத் தூக்கி நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், பாவம், கண் பழகுவதற்குள்ளேயே. பதினைந்து இருபது நிமிடம் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார வேண்டும். அப்போது முதலில் நீலம் எழுந்து வரும். பிறகு சிவப்பு. மஞ்சளும் பச்சையும் அதற்கும் அப்புறம்தான்.

நான் முதல்முறை இங்கே வந்தது 2011இல். அப்போது நடுக்கூடம் முழுக்கப் புகையும் மெழுகுவர்த்திக் கரியும் படிந்து கறுத்திருந்தது. அந்த இருட்டில் கண்ணாடிகள் அந்தரத்தில் தொங்குவது போல இருந்தன. இதுதான் கோதிக் என்கிற அந்தக் காலத்துக் கட்டடப் பாணி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து உருகிப்போனேன். ஆனால் 2009லிருந்தே உள்ளே துப்புரவு வேலை ஆரம்பித்திருந்தது, கூடம் கூடமாக, சாரம் கட்டி. அழுக்கை எடுத்தபோது அடியில் 13ஆம் நூற்றாண்டின் பூச்சே பெரும்பகுதி அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது: வெளிர் காவி நிறம், அதன்மேல் கல் கோத்த மாதிரி வெள்ளைக்கோடு. அதாவது இருட்டு என்று நாம் நினைத்ததெல்லாம் அழுக்கு. அதைச் சுத்தம் செய்து, உதிர்ந்த இடத்தில் அதே மாதிரி பூசினார்கள். உடனே பெரிய சண்டை. புனிதமான மங்கலைக் கெடுத்துவிட்டார்கள், தூணுக்குப் பளிங்கு மாதிரி வண்ணம் அடித்துவிட்டார்கள் என்று அமெரிக்காவிலிருந்தெல்லாம் எழுதினார்கள். தூண்மேல் இருக்கும் கறுப்பு மாதாவின் முகத்தை வெளுப்பாக மாற்றியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது.

அந்தக் கறுப்பு மாதா விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் கறுப்பாகப் பார்த்துக் கும்பிட்ட முகம் அது, அது எப்படிக் கறுத்தது என்பது கும்பிடுகிறவர்களுக்கு இரண்டாம் பட்சம். ஆனால் சுவர் விஷயத்தில் சுத்தம் செய்தவர்கள் பக்கம்தான் நான். போன முறை நான் பயந்துகொண்டேதான் உள்ளே போனேன், நான் உருகிய அந்த இருட்டு இருக்காதே என்று. இருக்கவில்லைதான். ஆனால் கூடத்தின் உயரம் முதல்முறையாகக் கண்ணில் பட்டது. எந்தத் தூண் எங்கே போய் எந்த விலாவாக விரிகிறது என்று ஒரு கோடு விடாமல் தெரிந்தது. 2011இல் நான் பார்த்தது கண்ணாடியை மட்டும்தான், கட்டடத்தைப் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்கும் அதுதான் முதலில் பிடிபட்டது. கழுத்தை அண்ணாந்து ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கேட்டார், "சுவரையே காணோமேம்மா?"

உண்மையில் அந்த ஒரு கேள்வியில் மொத்தக் கோதிக்கும் அடக்கம். நடுக்கூடத்தின் உயரம் சுமார் 37 மீட்டர், அதாவது பன்னிரண்டு மாடி. அகலம் 16 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு உயரத்தில் கல்லால் வளைவு போட்டால், அது கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்க முந்தைய காலத்துக் கட்டடங்களில் சுவரை ஒன்றரை ஆள், இரண்டு ஆள் தடிமனுக்கு எழுப்பி, ஜன்னலைப் பொந்து மாதிரி சின்னதாக விட்டார்கள். இங்கே வளைவின் கனத்தை விலா எலும்பு மாதிரி நாலு கோடுகளில் திரட்டித் தூணில் இறக்கிவிட்டார்கள். அப்படியானால் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுவருக்கு வேலையில்லை. வேலையில்லாத சுவரை எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள். கீழே ஆர்ச் வரிசை எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு மேலே ஜன்னல் வரிசை. இரண்டு நீள ஜன்னல், அதற்கு மேல் ஒரு வட்டம், இப்படியே கூடம் முழுக்க. வேறு எங்கும் அதுவரை யாரும் இவ்வளவு துணியவில்லை.

வளைவு ஏன் கூராக இருக்கிறது என்பதை அப்பாவே எனக்கு விளக்கினார், தன் கைகளைச் சேர்த்துக் காட்டி. அரைவட்ட வளைவு போட்டால் அகலம் எவ்வளவோ அதில் பாதிதான் உயரம், வேறு வழி கிடையாது. கூடத்துக்குக் குறுக்கே 16 மீட்டர், தூணுக்குத் தூண் அதில் பாதிகூட இல்லை. அரைவட்டமாகவே போட்டால் ஒன்று உயரமாகவும் இன்னொன்று குட்டையாகவும் வந்து மேலே சேரவே சேராது. நுனியைக் கூராக்கினால் அகலம் எதுவாக இருந்தாலும் உச்சியை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். "அது மட்டுமில்ல, கூரா இருந்தா தள்ளுறதும் குறையும், கீழ்நோக்கிப் போயிடும்" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் பொறியியல் படித்தவள், எனக்கு இப்படி ஒருவரும் சொல்லித்தரவில்லை.

பிறகு அவர் மனம் சென்ட்ரிங்கில் போய் நின்றுவிட்டது. கல் வளைவின் உச்சியைப் பூட்டுகிற சாவிக்கல் உட்காரும் வரைக்கும் அடியில் மரச்சட்டம் தாங்கவேண்டும், சாந்து இறுகியதும் அதை மெல்ல இறக்கவேண்டும். "சென்ட்ரிங் பிரிக்கிற அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. நம்ம போடுறது பத்தடி போர்ட்டிகோ. இவனுக பன்னிரண்டு மாடி ஒசரத்துல கல்ல வச்சிட்டுப் பிரிச்சிருக்கானுக." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தால்தான் மிச்சப் பாதி புரியும். பக்கவாட்டுத் தள்ளலை வாங்கிக்கொள்ள, பக்கக் கூரைகளைத் தாண்டிக் கல் பாலம் மாதிரி முட்டுகள் வந்து நிற்கின்றன. பறக்கும் முட்டு என்று எழுதுகிறார்கள், அப்பா அதை முட்டுக்கட்டை என்றே சொன்னார், எனக்கும் அதுவே சரியாகப்படுகிறது. ஷார்த்ரில் அவை கொஞ்சம் கனமானவை. கீழே இருக்கும் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் குட்டைத் தூண்களை ஆரம்போல அடுக்கியிருக்கிறார்கள், பார்த்தால் வண்டிச் சக்கரத்தில் கால்பங்கை வெட்டி வைத்த மாதிரி இருக்கும். கல் எல்லாம் பத்துக் கிலோமீட்டருக்குள், பெர்ஷேர் என்ற ஊரின் குவாரியிலிருந்து வந்தது. கடினமான சுண்ணாம்புக் கல், அங்கங்கே பொத்தல் இருக்கும். அப்பா கையால் தடவிப் பார்த்து, "பொத்தல் இருந்தாலும் கெட்டி" என்று சான்றிதழ் கொடுத்தார்.

எவ்வளவு கெட்டி என்பது 1836இல் தெரிந்தது. ஜூன் 4ஆம் தேதி மேற்கூரையில் பழுதுபார்க்கும்போது தீப்பிடித்து, காடு என்றே பெயர் வாங்கியிருந்த மரச்சட்டம் மொத்தமும் எரிந்தது, மேலே வேய்ந்திருந்த ஈயத் தகடு உருகி ஓடியது. அத்தனையும் எரிந்து விழுந்தும் கல் வளைவு இறங்கவில்லை. அடியில் இருந்த கண்ணாடிகளும் தப்பின. அதற்குப் பிறகு வார்ப்பிரும்பில் புதிய சட்டம் போட்டுச் செம்புத் தகடு வேய்ந்தார்கள், இன்று தூரத்திலிருந்து கூரை பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

இனி கண்ணாடி. இதற்காகத்தானே எல்லாம்.

மொத்தம் 176 ஜன்னல்கள் இருந்தன, சுமார் 150 இன்றும் பழைய கண்ணாடியோடு இருக்கின்றன. பரப்பளவு கிட்டத்தட்ட 2,600 சதுர மீட்டர். இவ்வளவு இடைக்காலக் கண்ணாடி ஒரே கூரைக்குக் கீழே இருப்பது மிக அபூர்வம். இதில் பலரும் தவறாக நினைப்பது, வெள்ளைக் கண்ணாடியில் வண்ணம் தீட்டினார்கள் என்று. இல்லை. வண்ணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. மணலும் சாம்பலும் உருகும்போதே கோபால்ட் போட்டால் நீலம், செம்பு போட்டால் சிவப்போ பச்சையோ. அப்படி ஊதி எடுத்த தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முகம், விரல், துணி மடிப்பு இதெல்லாவற்றையும் ஒரு கருஞ்சாந்தால் கோடு போட்டு, சூளையில் வைத்துச் சுட்டு, ஈயப் பட்டையால் துண்டு துண்டாகக் கோத்திருக்கிறார்கள். தீட்டியது என்றால் அந்தக் கறுப்புக் கோடு ஒன்றுதான். மேலே 20 மீட்டர் உயரத்தில், கீழே நிற்கிற எவருக்கும் கண்ணுக்கு எட்டாத ஒரு தீர்க்கதரிசியின் தாடியைக்கூட இழை இழையாகப் போட்டிருக்கிறார்கள். பைனாகுலர் கொண்டுபோனால்தான் தெரியும், தயவுசெய்து கொண்டுபோங்கள்.

1194 தீயில் தப்பியவை நாலே நாலு: மேற்கே மூன்று நீள ஜன்னல்கள், 1150 வாக்கில் செய்தவை, அப்புறம் அழகிய கண்ணாடி மாதா என்று பெயர் வாங்கிய ஜன்னல். இந்த மாதா தெற்குப் பக்கம், பலிபீடத்தைச் சுற்றிப்போகும் பாதையின் தொடக்கத்தில் இருக்கிறாள். 1180 வாக்கில் செய்த உருவம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் கருஞ்சிவப்பு, அதன் நடுவில் அவளுடைய ஆடை மட்டும் வெளிர் நீலம். அந்த நீலத்தை எதனோடு ஒப்பிடுவது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிழக்கே ஒரு நீலம் வருமே, வெளிச்சம் வந்தும் சூரியன் வராத அந்தப் பத்து நிமிடம், அதுதான். சுற்றியிருக்கும் தேவதூதர்கள் தீக்குப் பிறகு 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். அவர்களுடைய நீலம் அடர்த்தி, கொஞ்சம் மங்கல். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நூற்றாண்டின் நீலத்தையும் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய நீலத்தில் சோடியம் சேர்ந்திருப்பதால் மழைக்கும் காற்றுக்கும் அது அரிக்கவில்லை, பின்னால் வந்த கண்ணாடி மரச்சாம்பலில் செய்தது, சீக்கிரம் பூத்துப்போகிறது.

அந்த மாதாவுக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, பிரெஞ்சுக்காரர், கையில் காய்கறிப் பையோடு நின்று வேண்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பையில் கீரைக்கட்டு எட்டிப்பார்த்தது. வேண்டி முடித்து, கையை லேசாக ஆட்டி விடைபெற்றுக்கொண்டு போனார், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு போவது போல.

பெரிய வட்ட ஜன்னல்கள் மூன்று. வடக்கே இருப்பது ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷ் ராணி காலத்தது, அவருடைய காஸ்டீல் வம்சத்துக் கோட்டைச் சின்னமும் பிரெஞ்சு அல்லிச் சின்னமும் மூலைகளில் மாறி மாறி வரும். அதற்குக் கீழே நடு ஜன்னலில் மாதாவின் தாய் அன்னம்மாள், கைக்குழந்தையாக மாதாவைத் தூக்கி வைத்திருக்கிறாள். அன்னம்மாளின் முகம் கரிய முகம், பெரிய கண்கள். அப்பா, "இது நம்ம ஊர்ப் பாட்டி மாதிரியில்ல இருக்கு" என்றார், உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. எதிரே தெற்குப் பக்கம் பிரித்தானி பிரபு கொடுத்தது. அதன் கீழே நாலு நற்செய்தியாளர்களும் நாலு பழைய தீர்க்கதரிசிகளின் தோளில் குழந்தைகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏசாயா மத்தேயுவைச் சுமக்கிறார், எரேமியா லூக்காவை, எசேக்கியேல் யோவானை, தானியேல் மாற்குவை. முன்னோரின் தோளில் உட்கார்ந்திருப்பதால்தான் நம் கண்ணுக்குத் தூரம் தெரிகிறது என்று சொன்ன பெர்னார்டு இதே ஊர்ப் பள்ளியில் நூறு வருடம் முன்னால் பாடம் நடத்தியவர். அந்தப் பேச்சுக்கும் இந்த ஜன்னலுக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இரண்டும் பிரியாது. திருவிழாக் கூட்டத்தில் சாமி தெரிய வேண்டும் என்று அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். அதை அங்கே வைத்து அவரிடம் சொன்னேன். "நீ கனமா இருப்ப" என்றார்.

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை என்பதால் தரையில் நாற்காலிகளை எடுத்திருந்தார்கள். மற்ற நாட்களில் நாற்காலிக்கு அடியில் மறைந்திருக்கும் வட்டப்பாதை அன்று நடக்கக் கிடைக்கும். கிட்டத்தட்ட 13 மீட்டர் குறுக்களவு, ஆனால் வளைந்து வளைந்து நடுவுக்குப் போய்ச்சேர 260 மீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். பதினோரு சுற்று. குழப்பி மாட்டிவிடும் சிக்கல் பாதை இல்லை இது, ஒரே வழிதான், நடந்தால் கட்டாயம் நடுவுக்கு வந்துவிடலாம். நடுவை நெருங்கிவிட்டோம் என்று நினைக்கும்போது திரும்ப வெளிவட்டத்துக்குத் தள்ளிவிடும். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஷூவைக் கழற்றினார்கள். கல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, ஜூன் மாதத்திலும் சில்லென்று. தரை லேசாகச் சரிவாக இருக்கிறது என்று பாதியிலேயே சொல்லிவிட்டார். யாத்திரைக்காரர்கள் ராத்திரி இங்கேயே படுத்துத் தூங்குவார்கள், காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவதற்கான வாட்டம் அது என்று சொல்கிறார்கள்.

தெற்குக் குறுக்குக்கூடத்தில் தரையில் சாய்வாகப் பதித்த ஒரு வெளிறிய கல் உண்டு, அதில் ஒரு உலோகக் குமிழ். பக்கத்து ஜன்னலில் ஒரு சின்ன இடத்தில் வெறும் கண்ணாடி விட்டிருக்கிறார்கள், ஜூன் 21ஐ ஒட்டி உச்சி வெயில் அதன் வழியாக வந்து சரியாக அந்தக் குமிழில் விழும். நாங்கள் போன நாள் வேறு, விழவில்லை. அப்பா குனிந்து கல்லையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

பலிபீடத்தைச் சுற்றியிருக்கும் கல் தடுப்பு, 1514இல் தொடங்கி இருநூறு வருடம் செதுக்கியது, நாற்பது காட்சி, இருநூறு சிலை. பிரமாதமான வேலை, ஆனால் அதற்குள் எங்கள் கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது, சரியாகப் பார்க்கவில்லை. அதற்கு உள்ளே 18ஆம் நூற்றாண்டில் செய்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. பளிங்கில் மாதா விண்ணேற்றச் சிலை வைத்தார்கள், 1773இல். சரி, வைக்கட்டும். ஆனால் அது நன்றாகத் தெரியவேண்டும், வெளிச்சம் போதவில்லை என்று சுற்றியிருந்த பழைய வண்ணக் கண்ணாடிகள் சிலவற்றை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடி போட்டார்கள். ஐந்நூறு வருடமாக நின்ற நீலம். ஒரு சிலைக்கு வெளிச்சம் வேண்டுமென்று.

அதை நினைக்கும்போது 1939இல் செய்தது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. போர் வருகிறது என்று தெரிந்ததும் அத்தனை கண்ணாடியையும் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள், முதல் உலகப்போரிலும் கழற்றியிருக்கிறார்கள். 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஊருக்குள் வரும்போது கோபுரத்தில் ஜெர்மானியர்கள் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் கோயிலைக் குண்டுபோட்டுத் தகர்க்கும் பேச்சு எழுந்தது. வெல்போர்ன் கிரிஃபித் என்ற கர்னல், நானே போய்ப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார். யாரும் இல்லை என்று உறுதி செய்து தகவல் சொன்னார். தகர்க்கும் பேச்சு நின்றது. அன்றே, பக்கத்து ஊரான லேவ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவர் செத்துப்போனார். அப்பா அவர் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நான் அப்பாவுக்குக் கடைசியாகக் காட்ட வைத்திருந்தது வடகிழக்கு மூலையில், பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஜன்னல். ஷெரோன் என்ற புனிதரின் கதை அது. கதை மேலே. ஆனால் இந்தக் கோயிலில் நிறைய ஜன்னல்களின் அடிவரிசையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் இருப்பார்கள். நல்ல சமாரியன் கதைக்குக் கீழே செருப்புத் தைக்கிறவர்கள், நோவா கதைக்குக் கீழே தச்சரும் பீப்பாய் செய்கிறவரும், சார்லமேன் ராஜா கதைக்குக் கீழே ஒரு ரோமத்தோல் வியாபாரி வாடிக்கையாளருக்கு மேலங்கியை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். இந்தத் தொழிலாளிகளே காசு போட்டு ஜன்னல் கொடுத்தார்கள் என்றுதான் ரொம்பக் காலம் சொல்லிவந்தார்கள். இப்போது சில ஆய்வாளர்கள் அதை மறுக்கிறார்கள், அந்தக் காலத்தில் அவர்களுக்கு முறையான சங்கமே கிடையாது, குருமார்கள்தான் அவர்களை அப்படிக் காட்டச் சொல்லியிருப்பார்கள் என்கிறார்கள். யார் காசோ. ராஜா ராணி படமெல்லாம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்க, வேலை செய்கிறவன் நம் கண்ணுக்கு நேரே நிற்கிறான்.

ஷெரோன் ஜன்னலின் அடியில் இருப்பது கொத்தனார்களும் சிற்பிகளும். நான் ஒன்றும் சொல்லாமல் அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்பிக்கிட்டே போனார். இடது பக்கம் ஒருவர் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் விரலை நீட்டி, தொடாமல், காற்றில் ஒரு கோடு மேலிருந்து கீழே இழுத்தார்.

"தூக்குக்குண்டு" என்றார்.

ஆமாம், தூக்குக்குண்டுதான். கயிறு, கீழே குண்டு. எங்கள் வீட்டுப் பரணில் கோணிப்பையில் இன்றும் கிடக்கிறதே, அதேதான். பக்கத்தில் கல் வெட்டுவதற்கான அச்சுப் பலகைகள் மாட்டியிருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். வலது பக்கம் சிற்பிகள், ஒரு ராஜா சிலையைச் சாய்த்துப் போட்டுச் செதுக்குகிறார்கள், வாசலில் காலையில் பார்த்தோமே, அந்த மாதிரி ராஜா. ஒருவர் உளியும் கையுமாக இருக்கிறார், இன்னொருவர் வேலையை நிறுத்திவிட்டுக் கோப்பையில் ஏதோ குடிக்கிறார்.

"டீ குடிக்கிறான் பாரு" என்றார் அப்பா. "மூணரை மணி ஆயிருக்கும்."

அப்போது வெளியே மேகம் விலகியிருக்க வேண்டும், அந்த நாலு பேரும் கொஞ்சம் பிரகாசமானார்கள். வடகிழக்கு மூலைக்குச் சாயங்காலம் நேர் வெயில் வராது, அவ்வளவுதான் கிடைக்கும். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. போகலாமா அப்பா என்று கேட்டேன். "இரும்மா" என்றார். பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் பார்த்தார்.